வீட்டுக்குத் தனியாகப் போட்ட ஜவ்வரிசி

ஒவ்வொரு தை மாதமும் மாமாவின் ஆலையிலிருந்து அம்மா வீட்டுக்கு ஒரு மஞ்சப்பை வரும். பொங்கல் சீராகப் புடவை, பச்சரிசி, வெல்லம், கரும்பு எல்லாம் வந்து இறங்கிய பிறகு, கடைசியாக டிரைவர் அண்ணன் அந்தப் பையைத் தனியாக எடுத்து அம்மா கையில் கொடுப்பார். உள்ளே ஐந்து கிலோ ஜவ்வரிசி இருக்கும். கடை ஜவ்வரிசி மாதிரிப் பளீரென்று இருக்காது. வெளுத்து வெளுத்து மங்கிப்போன பழைய வேட்டியின் நிறம். கஞ்சி காய்ச்சினால் லேசாகக் கிழங்கு வாசம் வரும். "வீட்டுக்குன்னு தனியாப் போட்டதுக்கா" என்று மாமா அம்மாவிடம் போனில் சொல்வார். எனக்கு நினைவு தெரிந்த நாளிலிருந்து அந்த வார்த்தையைப் பாசம் என்றே கேட்டு வளர்ந்தேன்.

போன வருடம், அதே தை முடிந்து மாசி பிறந்த சமயத்தில், மாமாவின் ஆலை மேல் உணவுப் பாதுகாப்புத் துறைக்குப் புகார் கொடுத்தேன். கொடுத்தது நான்தான். இதை எழுத்தில் சொல்ல எனக்கு ஒரு வருடம் ஆகியிருக்கிறது.

சேலத்துக்காரர்களுக்கு ஜவ்வரிசி பற்றிச் சொல்ல வேண்டியதில்லை. மற்றவர்களுக்காகக் கொஞ்சம் சொல்கிறேன். வாழப்பாடி தாண்டி ஆத்தூர் பக்கம் பஸ்ஸில் போனால் ஒரு புளித்த வாசனை மூக்கில் ஏறும். அது சேகோ ஆலை, அதாவது ஜவ்வரிசி ஆலைத் தண்ணீர். இரண்டாம் உலகப் போரின்போது மலேயா, சிங்கப்பூர் பக்கமிருந்து வந்துகொண்டிருந்த ஜவ்வரிசி நின்றுபோக, 1943 வாக்கில் சேலத்தில் மரவள்ளிக் கிழங்கு மாவிலிருந்து செய்ய ஆரம்பித்தார்கள். 1981-ல் ஆலைக்காரர்களுக்கென்று சேகோசர்வ் கூட்டுறவுச் சங்கம் வந்தது. 2023-ல் சேலம் ஜவ்வரிசிக்குப் புவிசார் குறியீடும் கிடைத்தது. அன்றைக்கு மாமா கேசரி பாத் செய்யச் சொல்லி ஆலையில் எல்லாருக்கும் கொடுத்தார். அவருக்கு அந்தத் தொழில் மேல் உண்மையாகவே மரியாதை உண்டு. மக்காச்சோள மாவு கலப்பவர்களைப் பற்றிப் பேச்சு வந்தால் முகம் சிவந்துவிடும். "கிழங்கைத் தவிர ஒரு பிடி வேற மாவு என் தொட்டியில விழுந்ததில்ல" என்பார். அது பொய்யில்லை.

மாமா எனக்கு யார் என்பதையும் சொல்லிவிட வேண்டும். அவர் அம்மாவின் தம்பி. அவர் மடியில் உட்கார வைத்துத்தான் எனக்குக் காது குத்தினார்கள். அப்பா அம்மாப்பேட்டையில் தறி ஓட்டிக்கொண்டிருந்தார். நான் நாலாம் வகுப்பு படிக்கும்போது தவறிவிட்டார். பதினாறாம் நாள் காரியம் முடிந்த மறுநாள் மாமா வந்து, அடுப்படியில் இருந்த டப்பாக்களை ஒவ்வொன்றாகத் திறந்து பார்த்துவிட்டு, எதுவும் பேசாமல் போய், சாயங்காலம் ஒரு மாத மளிகையோடு திரும்பி வந்தார். அதற்கப்புறம் எங்கள் வீட்டில் டப்பா காலியாக இருந்த நாள் இல்லை. நான் பி.எஸ்சி. வேதியியல் படித்தது, பி.எட். முடித்தது எல்லாம் மாமா பணத்தில்தான். அரைவை சீசன் நன்றாகப் போன வருடம் கல்யாணம். இன்று நான் மேல்நிலைப் பள்ளியில் வேதியியல் ஆசிரியை. அந்த ஆலைத் தொட்டியில் என்ன ஊற்றுகிறார்கள் என்று மூக்கை வைத்தே கண்டுபிடிக்கும் படிப்பை எனக்குக் கொடுத்தது அவர்தான்.

அரையாண்டு விடுமுறையில் மகளைக் கூட்டிக்கொண்டு ஆலைக்குப் போயிருந்தேன். ஜவ்வரிசி எப்படி உருண்டையாகிறது என்று பார்க்க வேண்டும் என்று அவள் ரொம்ப நாளாகக் கேட்டுக்கொண்டிருந்தாள். நான் சின்னப் பெண்ணாக இருந்தபோது ஆலை வாசலில் பெண்கள் வரிசையாக உட்கார்ந்து கத்தியால் கிழங்குத் தோலைச் சீவித் தள்ளுவார்கள். நானும் அவர்களோடு உட்கார்ந்து சீவியிருக்கிறேன். இந்த முறை அந்த இடத்தில் மூன்றே பேர். கிழங்கு பெரும்பாலும் தோலோடே கழுவு இயந்திரத்துக்குள் போய்க்கொண்டிருந்தது. ஆள் கிடைப்பதில்லை, கிடைத்தாலும் கூலி கட்டவில்லை. வெட்டிய கிழங்கோ இரண்டு நாளுக்கு மேல் தாங்காது, உள்ளே நீலக் கோடு ஓடிவிடும். தோலோடு அரைத்தால் கிழங்குப் பால் பழுப்பாகத்தான் வரும். தோலில் சயனைடு தரும் பொருளும் சதையில் இருப்பதைவிட அதிகம். கழுவி, தெளிய வைத்து, காய வைக்கும்போது அதில் பெரும்பகுதி போய்விடும் என்பதும் உண்மை. ஆனால் நிறம் போகாது.

தொட்டிப் பக்கம் போனதும் எனக்கு எங்கள் பள்ளி ஆய்வகம் ஞாபகம் வந்தது. மூக்கைச் சுருக்க வைக்கும் அந்தக் குளோரின் வாடை. சுவரோரம் நீல கேன்கள் ஆறு. ஒன்றில் மட்டும் லேபிள் பாதி கிழியாமல் இருந்தது. சோடியம் ஹைப்போகுளோரைட் என்கிற வெளுப்பான், தொழிற்சாலை உபயோகத்துக்கானது. பக்கத்தில் இருந்த வெள்ளை கேன் என்னவென்று தெரிந்துகொள்ள நான் எதையும் படிக்க வேண்டியிருக்கவில்லை. தொட்டி பார்க்கிற அண்ணனின் கையைப் பார்த்தாலே போதும். வலது கை விரல்களில் துணி சுற்றியிருந்தார். சுற்றாத இடத்தில் தோல் உரிந்து, சின்னக் குழந்தையின் உள்ளங்கை மாதிரி இளஞ்சிவப்பாக இருந்தது. "ஆசிட்டுங்களா அண்ணா?" என்று கேட்டேன். "பழகிருச்சுங்க பாப்பா" என்றார். அளவுக்கு ஒரு பழைய பெயிண்ட் டப்பா வைத்திருந்தார்கள். ஒரு தொட்டிக்கு எத்தனை டப்பா என்று கேட்டதற்கு, "பாலு நிறத்தைப் பாத்துட்டு ஊத்தறதுதானுங்க" என்றார். மகள் உருண்டை போடும் இயந்திரத்தைப் பார்த்துக் கைதட்டிக்கொண்டிருந்தாள். நான் போனை எடுத்து அவளை நாலு படம் எடுத்தேன். கேன்களை ஒரு படம்.

ஆபீஸ் அறையில் மாமாவிடம் கேட்டேன். அவர் மறைக்கவில்லை.

"மும்பைக்காரன் வெள்ளையைத்தான் கேக்கறான் கண்ணு. மங்கலா இருந்தா மூட்டைக்கு முந்நூறு நானூறு அடிச்சுக் கேப்பான். தொண்ணூறு கிலோ மூட்டை, ஒரு லோடுக்கு எவ்வளவு ஆகும், நீயே கணக்குப் போட்டுக்க. கிழங்குக்காரனுக்கு மாவுச்சத்துப் பாயிண்டுக்கு இவ்வளவுன்னு நான் குறையாம கொடுத்துத்தான் ஆகணும். நான் ஒருத்தன் நிறுத்துனா ஊரு நிறுத்திருமா?"

"சாப்பிடறவங்க இருக்காங்களேங்க மாமா."

"கழுவுனா போயிரும். நீ படிச்சவ, உனக்குத் தெரியாதா?"

எனக்குத் தெரிந்தது அரைகுறையாகத்தான் அவர் பக்கம் நின்றது. பதினொன்றாம் வகுப்பில் ஹைட்ரஜன் பெராக்சைடு பாடம் நடத்தும்போது, அது வெளுத்து முடித்ததும் தண்ணீராகவும் ஆக்சிஜனாகவும் பிரிந்துவிடும் என்று நானே கரும்பலகையில் எழுதுகிறேன். ஆனால் இது பெராக்சைடு இல்லை. அளவில்லாமல் ஊற்றுகிற ஹைப்போகுளோரைட்டும், உணவுக்கென்று தயாரிக்காத ஆசிட்டும். இதைத்தான் மகாராஷ்டிரத்தில் ஏகாதசிக்கும் நவராத்திரிக்கும் விரதம் இருப்பவர்கள் வெறும் வயிற்றில் கிச்சடியாகச் சாப்பிடுகிறார்கள். இதைத்தான் வயிற்றுப்போக்கு வந்த குழந்தைக்குக் கஞ்சியாகக் காய்ச்சிக் கொடுக்கிறோம். மாமாவிடம் அப்படியே சொன்னேன். "பாக்கலாம் கண்ணு, இந்த சீசன் முடியட்டும்" என்றார். மகளுக்குக் கையில் ஐந்நூறு ரூபாய் வைத்துக்கொடுத்தார்.

இரண்டு வாரம் கழித்துப் பொங்கல் வந்தது. மஞ்சப்பை வந்தது.

அம்மா வீட்டு முற்றத்தில் உட்கார்ந்து, அந்த ஜவ்வரிசியில் ஒரு பிடியை இடது கையிலும், தெரு முனைக் கடையில் வாங்கியதில் ஒரு பிடியை வலது கையிலும் வைத்துப் பார்த்தேன். வலது கையில் இருந்தது முத்து மாதிரி மின்னியது. இடது கையில் இருந்தது ஒவ்வொன்றும் லேசாக நிறம் மாறி, சிலதில் ஊசிமுனை அளவு பழுப்புப் புள்ளியோடு இருந்தது. முப்பது வருடமாகத் தோல் சீவி, ஆசிட் படாமல், எங்களுக்கென்று தனியாகப் போட்டு அனுப்புகிறார். கழுவினால் போய்விடும் என்று அவர் நிஜமாகவே நம்பியிருந்தால் இந்தப் பை எதற்கு? அந்த இடத்தில்தான் நான் உடைந்துபோனேன். தெரியாமல் செய்பவர் என்று சொல்லிக்கொள்ள எனக்கு இருந்த கடைசி வழியையும் அவருடைய பாசமே அடைத்துவிட்டது.

அப்புறம் ஐந்து வாரம் தூக்கமில்லை. தமிழில் ஒரே காரியத்துக்கு இரண்டு வார்த்தை இருக்கிறது. ஊரார் மேல் சொன்னால் புகார், உறவின் மேல் சொன்னால் காட்டிக்கொடுப்பது. வீடணன் நியாயத்தின் பக்கம் போனான் என்று எல்லாருக்கும் தெரியும், ஆனாலும் யாரும் பிள்ளைக்கு அந்தப் பெயரை வைப்பதில்லை. மகனைத் தேர்க்காலில் இட்ட மனுநீதிச் சோழனை யோசித்தேன். அவன் அரசன், மகனுக்குத் தகப்பன். தண்டிக்கிற இடத்தில் இருந்தவன். நான் சோறு வாங்கித் தின்ற இடத்தில் இருப்பவள். வக்கீலாக இருக்கும் தோழி ஒருத்தியிடம் யாரோ ஒருவரின் கதை போலக் கேட்டேன். கணவன் மனைவி தங்களுக்குள் பேசிக்கொண்டதை வெளியில் சொல்லும்படி கட்டாயப்படுத்தக் கூடாது என்று 1872-ஆம் வருடச் சாட்சியச் சட்டத்திலேயே இருந்தது, இப்போதைய புதுச் சட்டத்திலும் இருக்கிறது, தாய்மாமனுக்கெல்லாம் அப்படி ஒன்றும் கிடையாது என்றாள். நானும் அந்தக் கதவு திறந்திருக்கும் என்று எதிர்பார்த்துக் கேட்கவில்லை. யாராவது "நீ சும்மா இரு" என்று சொல்ல மாட்டார்களா என்று இருந்தது.

கணவரிடம் சொன்னேன். "உனக்குச் சரின்னு படறதைச் செய். ஆனா செஞ்சதுக்கப்புறம் அழாதே" என்றார். அது என்னால் முடியவில்லை.

ஒரு ராத்திரி, பாத்திரம் கழுவி முடித்த ஈரக் கையோடு, துறையின் வாட்ஸ்அப் எண்ணுக்கு அந்தப் படத்தையும் நாலு வரியும் அனுப்பினேன். புகார் கொடுப்பவர் விவரம் ரகசியமாக இருக்கும் என்று போட்டிருந்தார்கள். அதை நம்பினேன். அவர்களும் காப்பாற்றினார்கள்.

ஆறாம் நாள் அதிகாரிகள் ஆலைக்குப் போனார்கள். கேன்களைக் கைப்பற்றி, இருந்த மூட்டைகளை நிறுத்தி வைத்து, மாதிரி எடுத்தார்கள். எடுத்த மாதிரியை நான்காகப் பிரித்து முத்திரை வைப்பார்கள், ஒன்று பகுப்பாய்வுக்குப் போகும், 14 நாளில் முடிவு வர வேண்டும். அந்தப் பகுப்பாய்வுக் கூடம் சேலத்திலேயே இருக்கிறது. அந்த இரண்டு வாரமும் சாமி முன்னால் நின்றால் என்ன வேண்டிக்கொள்வது என்று எனக்குத் தெரியவில்லை. பாதுகாப்பற்ற உணவு என்று வந்தால் மாமா மேல் குற்ற வழக்கு. ஒன்றுமில்லை என்று வந்தால் அந்தக் கேன்கள் திரும்ப வரும். தரம் குறைந்தது என்று வந்தது. சட்டப்படி 5 லட்சம் வரை போகக்கூடிய அபராதம், மாமாவுக்கு அதைவிடக் குறைவாகத்தான் போட்டார்கள். அது பின்னால் நடந்தது.

முன்னால் நடந்ததுதான் என்னை இன்னும் விடாதது. அதிகாரிகள் போன மறுநாள் அம்மா போன் பண்ணினாள். "மாமா ஆலையில ரெய்டாம்டி. அந்தத் தொட்டிக்காரன்தான் போட்டுக்கொடுத்துட்டானாம். போன வாரம் அட்வான்ஸ் கேட்டுச் சண்டை போட்டிருக்கான். பதினாலு வருஷம் சோறு போட்ட இடத்துக்கு எட்டப்பன் வேலை பாத்துட்டான் பாரு." அவரை நிறுத்திவிட்டார்கள். தோல் சீவிக்கொண்டிருந்த மூன்று பேரில் ஒருத்தி அவர் மனைவி, அவளையும் நிறுத்திவிட்டார்கள். ஏற்கெனவே வாங்கிய அட்வான்ஸைத் திருப்பிக் கட்டச் சொல்லி ஆள் போயிருக்கிறது.

நான் போனைக் கையில் வைத்துக்கொண்டு அப்படியே நின்றேன். என் பெயர் ரகசியம். ஆனால் ஆலைக்குள் ஒரு பெயர் வேண்டியிருந்தது. அந்த இடத்தில் ஆசிட்டில் கை வெந்த மனுஷனின் பெயர் போய் உட்கார்ந்துவிட்டது. அவர் கையைப் பார்த்துத்தான் நான் அந்தப் படத்தையே எடுத்தேன். புகார் கொடுப்பதா வேண்டாமா என்று ஐந்து வாரம் யோசித்தவள், சந்தேகம் யார் மேல் விழும் என்று ஐந்து நிமிடம் யோசிக்கவில்லை. என்னைப் போல ஒரு நிலையில் யாராவது இருந்தால், இதை மட்டும் கேட்டுக்கொள்ளுங்கள்: உங்கள் பெயர் வெளியே வராவிட்டால் யார் பெயர் வரும் என்று முதலில் பாருங்கள்.

ஞாயிற்றுக்கிழமை தனியாக ஆத்தூர் பஸ் ஏறினேன். மாமா ஆபீஸ் அறையில் பில் புத்தகங்களை அடுக்கிக்கொண்டிருந்தார். அரைவை நின்றிருந்ததால் ஆலையில் சத்தமே இல்லை. அத்தை உள்ளே வந்து மோர் வைத்துவிட்டுப் போனார். நான் உட்காரவில்லை.

"மாமா, அந்த அண்ணன் இல்லீங்க. நான்தான்."

அவர் கையில் ஒரு ரப்பர் பேண்ட் இருந்தது. அதைப் பில் கட்டில் போட்டார், கழற்றினார், இரண்டாகச் சுற்றி மறுபடி போட்டார். கண்ணாடிக்கு மேலாக என்னைப் பார்த்தார்.

"உன் நம்பர்ல இருந்தா?"

"ஆமாங்க மாமா."

"பாப்பாவைக் கூட்டிட்டு வந்தியே, அன்னைக்கு எடுத்த போட்டோவா?"

"ஆமாங்க."

திட்டுவார், அழுவார், காது குத்தியதிலிருந்து ஒவ்வொன்றாகச் சொல்லிக் காட்டுவார் என்று பஸ்ஸில் வரும்போதெல்லாம் தயாராகி வந்திருந்தேன். அவர் எதையும் சொல்லிக் காட்டவில்லை. இன்று வரை இல்லை. கொஞ்ச நேரம் கழித்து உள்ளே பார்த்து, "அவனையும் அவன் பொண்டாட்டியையும் நாளைக்கு வரச் சொல்லு" என்று அத்தையிடம் குரல் கொடுத்தார். பிறகு என்னிடம், "கிளம்பு கண்ணு, அப்புறம் பஸ் கூட்டமாயிரும்" என்றார். கண்ணு என்றுதான் சொன்னார். பஸ் ஸ்டாப் வரை அந்த ஒரு வார்த்தையைத் தூக்கிக்கொண்டு என்னால் நடக்க முடியவில்லை.

அம்மாவிடமும் அன்று இரவே சொன்னேன். அவள் கேட்டது இப்போதும் காதில் இருக்கிறது. "உப்பிட்டவரை உள்ளளவும் நினைன்னு சொல்லித்தானேடி வளத்தேன். தப்புன்னா தப்புதான், நான் இல்லேங்கல. ஆனா நீயா சொல்லணும்? இந்த ஊர்ல வேற ஆளே இல்லையா?"

நான் எண்ணிப் பார்த்தேன். கேன் கொண்டுவந்து இறக்கியவருக்குத் தெரியும். தொட்டி அண்ணனுக்குத் தெரியும். சீவுகிற பெண்களுக்கு, டிரைவருக்கு, கணக்குப் பிள்ளைக்கு, அத்தைக்கு எல்லாருக்கும் தெரியும். தெரிந்தவர்களில் அந்த ஆலையை நம்பி அடுப்பு எரியாத ஒரே ஆள் நான்தான். அதுவும் என் அடுப்பு எரியாமல் இருந்த காலத்தில் அந்த ஆலைதான் எரிய வைத்தது. இந்த இரண்டு வரியும் சேர்ந்தே உண்மை. ஒன்றை வைத்து இன்னொன்றைக் கழிக்க எனக்குத் தெரியவில்லை.

புகார் கொடுத்ததற்கு நான் வருத்தப்படவில்லை. இன்னொரு முறை அந்த நீல கேன்களைப் பார்த்தாலும் கொடுப்பேன். ஆனால் முதலில் மாமாவிடம் போய், "சீசன் முடியும் வரை பொறுக்க மாட்டேன், நானே சொல்லப் போகிறேன்" என்று முகத்துக்கு நேராகச் சொல்லியிருப்பேன். அவர் அன்றிரவே கேன்களை அப்புறப்படுத்தியிருக்கலாம். அப்படி நடந்திருந்தால் எனக்கு என்ன நஷ்டம்? எனக்கு வேண்டியது கேன்கள் போவதுதானே.

தொட்டி அண்ணன் இப்போதும் அங்கேதான் வேலை பார்க்கிறார். கையுறை கொடுத்திருக்கிறார்கள் என்று டிரைவர் அண்ணன் சொன்னார். இந்த சீசனில் தோல் சீவ ஒன்பது பெண்கள் உட்கார்ந்திருக்கிறார்களாம். மும்பைக்காரர் வேறு ஆலைக்குப் போய்விட்டாராம். மாமா என்னோடு பேசுவதில்லை. ஆவணியில் பெரியம்மா பேத்தி கல்யாணத்தில் வெற்றிலை பாக்குத் தட்டை என் கணவரிடம் நீட்டிவிட்டு, மகளின் தலையில் கைவைத்துவிட்டுப் போனார்.

இந்தத் தையில் சீர் வந்தது. மறுநாள் அம்மா போன் பண்ணினாள்.

"பை வந்திருக்கு. எப்பவும் போல அஞ்சு கிலோ. உனக்குப் பாதி எடுத்து வைக்கட்டுமா?"

"எனக்குன்னு மாமா ஏதாவது சொன்னாரா?"

"ஒண்ணும் சொல்லல."

"அப்ப இருக்கட்டும்மா" என்றேன்.

அம்மா கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, "கொஞ்சம் பழுப்பாத்தான் இருக்கு, போன வருஷத்தைவிட" என்றாள்.